பொறியாளரின் கையெழுத்தும் ஓர் அமானிதம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



தோணி ஏறிக் கொழும்புக்குப் போய் வியாபாரம் செய்து வந்த நம் முன்னோர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கட்டடமும் மின்சாரமும் இயந்திரமும் கணினியும் படிக்கிறார்கள். 1984-ல் கீழக்கரையில் பொறியியல் கல்லூரி தொடங்கியபின், தொண்டி முதல் ஏர்வாடி வரை நம் ஊர்களில் பொறியாளர் இல்லாத தெரு அரிதாகிவிட்டது. பலர் வளைகுடா நாடுகளில் பொறுப்பான வேலைகளில் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளும் படித்துப் பட்டம் வாங்குகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

தொழுகை, நோன்பு, ஜகாத் பற்றி மதரஸாவில் பாடம் நடத்துகிறோம். வட்டியின் தீமையையும் அளவு, நிறுவையில் நேர்மையையும் ஜுமுஆ பயானில் கேட்கிறோம். ஆனால் கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போடும் ஒரு பிள்ளைக்கு, அந்தக் கையெழுத்தில் ஹலாலும் ஹராமும் எங்கே இருக்கின்றன என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. இந்த மாதப் பாடத்தை அதற்காக எடுத்துக்கொண்டோம்.

பாடத்தின் கருத்து சுருக்கமானது. பொறியாளர் தாம் கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும், எழுத வேண்டும். அப்படி எழுத அவரை விடுகிற பொறுப்பு, வேலை கொடுக்கும் நமக்கும் உண்டு.

1. ஈரத் தானியம்

நாம் பலமுறை கேட்ட நபிமொழி ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்த குவியலின் உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழை பட்டுவிட்டது என்றார் அவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மழை பெய்தது வியாபாரியின் குற்றமில்லை. தானியம் நனைந்ததும் அவர் குற்றமில்லை. நனைந்ததைக் காய்ந்ததன் அடியில் வைத்ததுதான் குற்றம்.

பொறியாளர் வேலையில் ஈரத் தானியம் எங்கும் இருக்கும். கான்கிரீட் போட்டபின் உள்ளே எத்தனை கம்பி இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பூச்சு பூசிய பின் செங்கல்லின் தரம் தெரியாது. மண்ணை மூடிய பின் அஸ்திவாரத்தின் ஆழம் தெரியாது. சுவருக்குள் போன மின்கம்பியின் கனமும் அப்படித்தான். வாங்குபவர் கையை உள்ளே விட்டுப் பார்க்க முடியாத குவியல் இது. மூடுவதற்கு முன்னால் பார்த்தவர் பொறியாளர் ஒருவர்தான். அவர் வாய் திறக்கவில்லை என்றால் அந்த ஈரம் யாருக்கும் தெரியாது.

2. முகம் தெரியாத உரிமையாளர்

அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கும்படி சூரா அந்நிஸாவின் 58-ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். பொறியாளரிடம் உள்ள அமானிதத்துக்கு உரியவர் யார்? சம்பளம் கொடுக்கும் கம்பெனியா? வீடு கட்டச் சொன்ன உரிமையாளரா?

அவர்களுக்கும் உரிமை இருக்கிறது. அவர்களுடைய பணத்தை வீணாக்காமல், சொன்ன நாளில், ஒப்புக்கொண்டபடி வேலையை முடித்துக் கொடுப்பது கடமைதான். ஆனால் அந்தக் கூரையின் கீழ் இருபது வருடம் கழித்துப் படுத்துறங்கப் போகும் குழந்தைக்கும் உரிமை இருக்கிறது. அந்தப் பாலத்தில் போகும் பயணிக்கும், அந்த லிஃப்டில் ஏறும் முதியவருக்கும் இருக்கிறது. நோயாளி மருத்துவரின் முகத்தைப் பார்த்து நம்புகிறார். இவர்களோ பொறியாளரின் பெயரைக்கூட அறியாமல் தங்கள் உயிரை அவரிடம் கொடுத்துவைத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் நம் வீடுகளில் ஓதும் சூரா கஹ்ஃபில் இதற்கு ஓர் அழகான பாடம் இருக்கிறது. மூஸா (அலை) அவர்களும் ஹிள்ரு (அலை) அவர்களும் ஓர் ஊருக்கு வருகிறார்கள். ஊரார் உணவு கொடுக்க மறுக்கிறார்கள். அங்கே விழும் நிலையில் இருந்த ஒரு சுவரை ஹிள்ரு (அலை) அவர்கள் நிமிர்த்தி வைக்கிறார்கள். கூலி வாங்கியிருக்கலாமே என்கிறார்கள் மூஸா (அலை). அந்தச் சுவரின் அடியில் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்கு உரிய புதையல் இருந்தது என்று பின்னர் விளக்கம் கிடைக்கிறது. சுவரைச் சரிசெய்தவர் யார் என்று அந்தச் சிறுவர்கள் பார்க்கவில்லை. ஆனாலும் அவர்களுடைய சொத்து காப்பாற்றப்பட்டது. பொறியாளரின் தொழில் தர்மத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மருத்துவர்களுக்கு மருத்துவ ஆணையம் இருக்கிறது. வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சில் இருக்கிறது. கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. எல்லாப் பொறியாளர்களையும் பதிவுசெய்து, தவறினால் தொழிலிலிருந்து நீக்குகிற அதுபோன்ற அகில இந்தியச் சட்டம் இல்லை. 1920-ல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் நிறுவனம் தன் உறுப்பினர்களுக்கு ஒழுக்க விதிகள் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் பதிவுபெற்ற பொறியாளர்களுக்குப் பொறுப்புகளைச் சொல்கின்றன. இருந்தாலும் பெரும்பாலான நாள்களில், பெரும்பாலான வேலைத்தளங்களில், பொறியாளரைக் கண்காணிப்பது அவருடைய இறையச்சம் மட்டும்தான்.

3. பாம்பன் பாலம் சொல்லும் பாடம்

உதாரணத்துக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. நம் கடலின் மேலேயே இரண்டு பாலங்கள் பாடம் சொல்கின்றன.

பழைய பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 145 கண்களும், கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் தூக்கித் திறக்கும் ஷெர்சர் பகுதியும் கொண்டது. 1964 டிசம்பர் 22, 23 இரவில் அடித்த புயலை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. தனுஷ்கோடி அழிந்தது. அங்கே போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயில் கடலில் போனது. பாலத்தின் பெரும்பாலான கர்டர்களைக் கடல் அடித்துக்கொண்டு போனது.

சரிசெய்யும் பொறுப்பு அப்போது 32 வயதான பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. ஆறு மாதம் என்று முதலில் குறித்த தவணை மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. 46 நாளில் வேலை முடிந்தது. அடித்துச் செல்லப்பட்ட கர்டர்கள் கடலடியில் கிடக்கும் இடம் மீனவர்கள் மூலம் தெரியவந்து, அவற்றை வெளியே எடுத்து மீண்டும் ஏற்றியது அந்த வேகத்துக்கு முக்கியக் காரணம். தண்ணீரை அறிந்தவர்களின் பேச்சுக்குப் படித்த பொறியாளர்கள் காது கொடுத்தார்கள். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதும் தொழில் தர்மத்தில் சேர்ந்ததே. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற நபிமொழி, அறியாத வேலையில் கையெழுத்துப் போடும் எல்லோருக்கும் எச்சரிக்கை.

பழைய பாலத்தில் இன்னோர் ஏற்பாடும் இருந்தது. காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வைத்து, மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். பயணிகள் மண்டபத்திலோ பாம்பனிலோ காத்திருக்க வேண்டியதுதான். முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் அந்தக் காத்திருப்பு, 1964-க்கு நாம் செய்யும் மரியாதை.

பழைய பாலத்தில் ரயில் 2022 டிசம்பரில் நின்றது. புதிய பாலம் 2.08 கிலோமீட்டர் நீளம். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரும். திறப்பதற்கு முன், 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சோதனைக்கு வந்தார். இந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. கட்டியவரே தன் வேலைக்குச் சான்று கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இப்படித் தனியே வைத்திருக்கிறார்கள்.

அப்போது ராமேசுவரம் தீவுக்கு ரயில் நின்று ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது. வியாபாரிகளும் யாத்ரீகர்களும் மாணவர்களும் எப்போது திறக்கும் என்று காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஆணையர் குறைகளைப் பட்டியலிட்டு எழுதினார். தூக்குப் பகுதி ரயில்வேயின் வழக்கமான வடிவமைப்பைச் சேர்ந்ததில்லை என்றார். அப்படிப்பட்ட பாலத்துக்கு அமைக்க வேண்டிய தொழில்நுட்ப ஆலோசனைக் குழு அமைக்கப்படவில்லை என்றார். ரயில்வேயின் ஆராய்ச்சி, வடிவமைப்பு நிறுவனமான ஆர்.டி.எஸ்.ஓ. விலகி நின்றதைக் குறிப்பிட்டார். திறக்கும் முன்பே துரு தெரிவதையும் எழுதினார். ஆனாலும் பாலத்தை அடியோடு நிராகரிக்கவில்லை. பாலத்தில் 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர் என்று வேகத்துக்கு வரம்பு வைத்து, நிபந்தனைகளோடு அனுமதித்தார்.

ரயில்வே தரப்பு பதில் சொன்னது. வடிவமைப்பு ஐரோப்பிய விதிகளின்படி வெளிநாட்டு நிறுவனத்தால் செய்யப்பட்டு, சென்னை, மும்பை ஐ.ஐ.டி.களால் சரிபார்க்கப்பட்டது என்றது. துரு பிடிக்காத கம்பியும் சிறப்பு வண்ணப் பூச்சும் பயன்படுத்தியதாகச் சொன்னது. குறைகளை ஆராய ஐந்து பேர் குழுவும் அமைக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறக்கப்பட்டது. இன்று நாம் அதில் போய்வருகிறோம்.

இரு தரப்பில் யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிப்பது நம் வேலையில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. எல்லோரும் அவசரப்பட்ட நேரத்தில் ஒருவர் தாம் கண்டதை எழுத்தில் வைத்தார். அவர் எழுதியதால் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஈரம் குவியலின் மேலே வந்தது. எல்லோரும் பார்த்தபின் முடிவு எடுக்கப்பட்டது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்தில் விழுகிறது என்று சூரா அல்பகராவின் 283-ஆம் வசனம் எச்சரிக்கிறது. சோதனை அறிக்கையும் சாட்சியம்தான்.

4. நிறுத்தச் சொன்ன கணினி

நம் ராமேசுவரத்தின் பிள்ளை ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் தம் வாழ்வில் நடந்ததைப் பல மேடைகளில் மறைக்காமல் சொன்னார்கள். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் திட்ட இயக்குநர் அவர்தான். புறப்படச் சில நிமிடங்கள் இருக்கும்போது கணினி நிறுத்தச் சொன்னது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு கசிவு. சமாளிக்கலாம் என்று உடனிருந்த நிபுணர்கள் சொன்னார்கள். கலாம் கணினியை மீறி ஏவ முடிவெடுத்தார். முதல் கட்டம் நன்றாக வேலை செய்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய், ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

அன்று பத்திரிகையாளர்கள் முன் வந்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தோல்விக்கான பொறுப்பைத் தாம் ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று அடுத்த முயற்சி வெற்றி பெற்றபோது, பத்திரிகையாளர்களிடம் பேசும்படி கலாமை அனுப்பினார்.

இதில் இரண்டு பாடங்கள். தோல்வியில் முன்னே வந்து நிற்பவரும் வெற்றியில் பின்னே போய் நிற்பவருமே தலைவர். அப்படித் தலைவர் இருக்கும் இடத்தில் கீழே உள்ளவர்கள் பயமில்லாமல் உண்மையைச் சொல்வார்கள். இரண்டாவது, எச்சரிக்கை வந்தால் அதை மீறுவதற்கு முன் நின்று யோசிக்க வேண்டும். கலாம் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னதே இளம் பொறியாளர்கள் படிப்பினை பெறத்தான்.

எஸ்.எல்.வி.-3-ல் மனித உயிர் இல்லை. ஏழு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் நடந்தது வேறு. சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும் என்று ரோஜர் பாய்ஜாலி என்ற பொறியாளர் 1985 ஜூலையிலேயே தம் கம்பெனிக்கு எழுதினார். 1986 ஜனவரி 27 இரவு, கடுங்குளிரில் ஏவ வேண்டாம் என்று அவரும் சக பொறியாளர்களும் வாதாடினார்கள். முதலில் அவர்கள் பக்கம் நின்ற நிர்வாகம், நாசாவின் அழுத்தத்துக்குப் பின் மாறியது. மறுநாள் காலை ஏவப்பட்ட 73 விநாடியில் விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். பொறியாளர்களுக்கு உண்மை தெரிந்திருந்தது, சொல்லவும் செய்தார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. ஆகவே இந்தப் பாடம் பொறியாளர்களோடு முடிவதில்லை. வேலை கொடுப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நம் ஊரில் வேலை கொடுப்பவர்கள் நாம்தான்.

5. நம் வீட்டுக் கூரை

கடலோரத்தில் வீடு கட்டுபவர்களுக்கு உப்பு முதல் எதிரி. நல்ல கான்கிரீட் தன் காரத்தன்மையால் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கும். உப்பு உள்ளே போனால் அந்தக் காவல் உடைகிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் கான்கிரீட் வெடிக்கிறது, காரை பெயர்கிறது, கம்பி தெரிகிறது. பத்துப் பதினைந்து வருடத்தில் கூரை உதிரும் வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடல் காற்று என்று பழியைக் காற்றின் மேல் போட்டுவிடுகிறோம்.

காற்றைத் தடுக்க முடியாது. ஆனால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லியிருக்கிறது. கடலோரச் சூழலில் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-30 தரம் வேண்டும். சிமெண்ட் எடையில் தண்ணீர் 0.45 பங்குக்கு மேல் போகக் கூடாது. அதாவது 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர். மணலில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கலக்கவும், போட்டபின் நனைக்கவும் கடல் நீரைப் பயன்படுத்துவதை விதி ஏற்கவில்லை. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் பகுதியின் பல போர்வெல் தண்ணீரைச் சோதிக்காமல் இதைச் சொல்ல முடியாது.

இப்போது வேலைத்தளத்தில் நடப்பதைப் பாருங்கள். கலவை இளக்கமாக இருந்தால் போடுவதற்கு எளிது, அதனால் ஒரு குடம் தண்ணீர் கூடுகிறது. கவர் பிளாக் வாங்காமல் ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் வைக்கிறார்கள். நல்ல தண்ணீர் லாரிக்குப் பணம் ஆகும் என்று உவர்த் தண்ணீரில் நனைக்கிறார்கள். மண் பரிசோதனை எதற்கு, பக்கத்து வீடு நிற்கிறதே என்கிறோம். பொறியாளர் சொன்னால், இவர் செலவை ஏற்றிவிடுகிறார் என்று அவரை மாற்றுகிறோம். பிறகு வரும் பொறியாளர் வாயைத் திறப்பதில்லை. நேர்மையானவரை விலக்கி, பேசாதவரைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று நாம் யோசிக்க வேண்டும்.

ஒரு கட்டடம் விழுந்தால் என்ன ஆகும் என்பதை 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் பார்த்தோம். கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை மாலையில் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கூலி வேலைக்கு வந்தவர்கள். பக்கத்தில் இருந்த இரட்டைக் கட்டடமும் பாதுகாப்பற்றது என்று 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்தில் குடியேறும் கனவோடு வந்தவர்களில்லை. அன்றைய கூலிக்காகக் கல்லும் கலவையும் சுமந்தவர்கள். அவர்களுடைய உயிரும் அந்த வரைபடத்தில் இருந்த அமானிதம்தான்.

6. பார்க்காமல் போடும் கையெழுத்தும் பரிசுப் பொருளும்

நம்மிடையே மூன்று வழக்கங்கள் சாதாரணமாகிவிட்டன.

முதலாவது, பார்க்காமல் போடும் கையெழுத்து. பள்ளிக்கூடமோ திருமண மண்டபமோ நடத்த, கட்டடம் உறுதியானது என்று பொறியாளரின் சான்று வேண்டும். நேரில் வந்து பார்க்காமலே ஒரு கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று தெரிந்த பையனிடம் கேட்கிறோம். நம் பிள்ளைதானே, மறுக்க மாட்டான் என்று நினைக்கிறோம். வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும், பார்க்காத வேலையைப் பார்த்ததாக இன்ஸ்பெக்‌ஷன் தாளில் ஒப்பமிடச் சொல்லும் நெருக்கடி வருகிறது. இது பொய்ச் சாட்சி. உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற கருத்தை சூரா அந்நிஸாவின் 135-ஆம் வசனம் சொல்கிறது. உறவுக்காகப் போடும் கையெழுத்தை இந்த வசனம் நேராகவே தடுக்கிறது. போடுபவர் மட்டும் பாவியில்லை, போடச் சொல்பவரும் பாவத்தில் கூட்டாளி.

இரண்டாவது, கமிஷன். இந்தக் கடையில் கம்பி வாங்கினால் பொறியாளருக்கு இவ்வளவு என்று கடைக்காரர் கொடுப்பது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கினால் அது அவருடைய நம்பிக்கையில் கை வைப்பது. அந்தக் கம்பியின் தரத்தைப் பற்றி அந்தப் பொறியாளரால் பிறகு நேர்மையாகப் பேச முடியாது.

மூன்றாவது, பரிசு. இதிலும் கலாம் குடும்பத்திலிருந்தே ஒரு பாடம் கிடைக்கிறது. அவருடைய தந்தை ஜைனுலாப்தீன் அவர்கள் ராமேசுவரம் பஞ்சாயத்துத் தலைவரானபோது, வீட்டில் இல்லாத நேரத்தில் ஒருவர் பட்டுத் துணியும் பழமும் இனிப்பும் வைத்துவிட்டுப் போனார். வாங்கி வைத்த சிறுவன் கலாமுக்குத் தந்தையிடம் அடி விழுந்தது. பொறுப்பில் அமர்த்தப்பட்டவருக்கு அல்லாஹ் அதற்குரிய ரிஸ்கைக் கொடுத்திருக்கிறான், அதற்கு மேல் வாங்குவது முறையற்றது என்று தந்தை விளக்கினார். நாட்டின் குடியரசுத் தலைவரான பின்னும் கலாம் அந்த அடியைப் பற்றிப் பேசினார். நபி (ஸல்) அவர்களும், எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள் என்று சொன்ன ஜகாத் வசூலிப்பவரிடம், தாய் தந்தையின் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்தப் பரிசு உமக்கு வந்திருக்குமா என்று கேட்டார்கள். சோதனைக்குப் போன இடத்தில் ஒப்பந்தக்காரர் தரும் எந்தக் கவருக்கும் இந்தக் கேள்வியைப் பொருத்திப் பாருங்கள்.

7. நடைமுறையில் என்ன செய்வது?

பொறியாளராக இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு:

• பார்க்காததற்குக் கையெழுத்து வேண்டாம். தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் அனுப்புங்கள்.

• குறை கண்டால் முதலில் சம்பந்தப்பட்டவரிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். திருந்தவில்லை என்றால் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். அதற்கும் மேலே உள்ளவரிடம் போங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் உரிய அரசு அதிகாரியிடம் போங்கள். இது கோள் சொல்வதாகாது, சாட்சியத்தை நிறைவேற்றுவது.

• கலவைக்கான கியூப் டெஸ்டை 28-ஆம் நாள் முடிவு வரும்வரை விடாதீர்கள். வந்த எண்ணை வந்தபடி எழுதுங்கள்.

• கமிஷனோ பரிசோ வந்தால் வேலை கொடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் அது வாங்கக் கூடாதது.

வீடும் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் கட்டும் நமக்கு:

• பொறியாளருக்கு உரிய கட்டணத்தைக் கொடுங்கள். இலவசக் கையெழுத்துக் கேட்காதீர்கள். நம் வீட்டுப் பிள்ளை என்றால் இரட்டிப்பாக யோசியுங்கள்.

• தண்ணீர்ப் பரிசோதனை, மண் பரிசோதனை, கியூப் டெஸ்ட் மூன்றையும் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள். டைல்ஸிலும் அலங்காரத்திலும் குறைக்கலாம், கூரையில் குறைக்க முடியாது.

• கான்கிரீட் போடும் நாளில், போடுவதற்கு முன் பொறியாளர் கம்பியைப் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள். மூடிய பின் கேட்பதில் பயனில்லை.

• பொறியாளர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். முகூர்த்த நாளுக்கும் திறப்பு விழா அழைப்பிதழுக்கும் பயந்து வேலையைத் தள்ளாதீர்கள்.

• ஜமாஅத் கட்டடங்களில் இது இன்னும் கடுமையான கடமை. வக்ஃபுப் பணம், தானம் கொடுத்த ஏழையின் பணம். கட்டும் குழுவும் சோதிக்கும் பொறியாளரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும்.

இப்படி நின்றால் சில வேலைகள் கைவிட்டுப் போகலாம். சில உறவுகள் கொஞ்ச நாள் முகம் திருப்பலாம். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்று நாம் வாயால் சொல்வதைக் கையால் நிரூபிக்கும் நேரம் அதுதான். நேர்மைக்காக வேலை இழந்த பிள்ளை வீட்டுக்கு வந்தால், புத்தியில்லாதவன் என்று திட்டாமல் அணைத்துக்கொள்ளும் பெற்றோராக நாம் இருக்க வேண்டும். பிள்ளைக்குத் துணிவு வீட்டிலிருந்துதான் போகும்.

வீட்டில் உட்கார்ந்து பேச:

1. ஈரத் தானியத்தின் நபிமொழியை உங்கள் வீட்டில் ஒவ்வொருவரின் வேலைக்கும் பொருத்திப் பாருங்கள். எது மூடி வைக்கப்படுகிறது?

2. காற்று பலமாக இருந்து ரயில் நின்றால் நாம் கோபப்படுகிறோமா, நன்றி சொல்கிறோமா? ஏன்?

3. பார்க்காமல் கையெழுத்துப் போடும்படி யாரிடமாவது நாம் கேட்டிருக்கிறோமா? இனி எப்படிக் கேட்போம்?

4. பொறியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், சூரா கஹ்ஃபின் 77 முதல் 82 வரையுள்ள வசனங்களைப் பொருளோடு சேர்ந்து ஓதுங்கள். அந்தச் சுவரைப் பற்றி அவரையே பேசச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ளதாக ஆக்குவாயாக. அவர்கள் கட்டும் கூரையின் கீழும் பாலத்தின் மீதும் உன் அடியார்கள் அச்சமின்றி இருக்கச் செய்வாயாக. கண்டதைக் கண்டபடி சொல்லும் துணிவை அவர்களுக்கும், அதைக் கேட்கும் பொறுமையை எங்களுக்கும் தருவாயாக. ஆமீன்.